நம்ம தோட்டம் எந்தத் திணை?

நம் தோட்டப் பள்ளியின் பழைய மாணவர் சங்க மலருக்கு ஏதாவது எழுதுங்கள் என்று செயலாளர் கேட்டதும் எனக்குப் பள்ளிக் கட்டடம் நினைவுக்கு வரவில்லை. அதற்குப் பின்னால் இருந்த தண்ணீர்த் தொட்டி மேடுதான் வந்தது. நம் தலைமுறைக்காரர்கள் யாருக்கும் அந்த மேடு மறந்திருக்காது. 1968-இல் நான் ஆறாம் வகுப்பு. பூகோளப் பாடம் என்றால் சார் எங்களை அங்கேதான் கூட்டிக்கொண்டு போவார். மலேசியாவின் கெடா மாநிலத்தில், சுங்கை பட்டாணியைச் சுற்றியிருந்த தோட்டங்களில் எத்தனை பள்ளிகளுக்கு இப்படி ஒரு மேடு வாய்த்திருக்கும்? வடக்கே பார்த்தால் ஜெராய் மலை, 1,217 மீட்டர். மேற்கே மெர்போக் ஆற்றின் கழிமுகம், அலையாத்திக் காடு. மலாய்க் கிராமமான கம்பத்துப் பக்கம் நெல் வயல். நடுவில் கண்ணுக்கெட்டிய தூரம் நம் கித்தா மரங்கள், அதாவது ரப்பர்.

ஒருநாள் ஐந்திணையைச் சொல்லிக் கொடுத்துவிட்டு, "ஜெராய் எந்தத் திணைடா?" என்றார். குறிஞ்சி என்று கத்தினோம். வயல் மருதம், கழிமுகம் நெய்தல். அதுவரைக்கும் சரி. அப்புறம் கேட்டார்: "நம்ம தோட்டம்?"

காடு மாதிரி இருக்கிறது, எங்கள் வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால் மாட்டுக் கொட்டகையும் இருக்கிறது, அதனால் முல்லை என்றோம். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "கருப்பொருள் சொல்லுங்க" என்றார். அந்தந்தத் திணைக்கே உரிய மரம், மக்கள், தெய்வம், பறை போன்றவை அவை. மரம்? கித்தா, அது பிரேசிலிலிருந்து வந்தது. மக்கள்? சேலம், திருச்சி, தென்னார்க்காடு. தெய்வம்? முனியாண்டி, அவரும் நம்மோடு கப்பலேறி வந்தவர். பறை? பெரட்டுக்கு, அதாவது காலையில் ஆள் கணக்கெடுக்க, அடிக்கிற மணி. ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல எங்களுக்கே ஆச்சரியமாக இருந்தது. மண்ணையும் மழையையும் தவிர அந்த இடத்தில் பிறந்தது எதுவுமே இல்லை. பழைய திணைகளில் நிலம் மனிதர்களை வளர்த்தது. இங்கே ஒரு நிலத்துக்காக மரத்தையும் மனிதர்களையும் வேறு வேறு கண்டங்களிலிருந்து அள்ளிக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

பின்னாளில் நானும் பூகோள ஆசிரியராகி இருபத்தெட்டு ஆண்டுகள் அந்தப் பாடத்தை நடத்தினேன். அத்தனை ஆண்டுகளிலும் அந்தக் கேள்வியை விட்டு நான் வெளியே வரவில்லை.

மரத்தின் கதையை முதலில் சொல்கிறேன். 1876-இல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் அமேசானின் கிளையாறான தபஜோஸ் பக்கத்திலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டனுக்குக் கொண்டுபோனார். அங்கே கியூ தாவரவியல் தோட்டத்தில் முளைத்தவை 3,000-ஐக் கூட எட்டவில்லை. அதில் 22 கன்றுகள் 1877-இல் சிங்கப்பூர் வந்தன. சில மலாயாவின் கோலகங்சாரில் நடப்பட்டன. அந்தக் காலத்து மரம் ஒன்று இன்னும் அங்கே நிற்கிறது, நான் தொட்டுப் பார்த்திருக்கிறேன். நிலநடுக்கோட்டை ஒட்டிய வெப்பமும் மழையும் இரண்டு இடத்திலும் ஏறத்தாழ ஒன்றுதான். அதனால்தான் உலகத்தின் மறுபக்கத்து மரம் இங்கே சொந்த ஊர் போல வேர்விட்டது.

ஆனால் எனக்குப் பெரிதாகத் தோன்றுவது வேறொன்று. இதே மரத்தை அதன் பிறந்த மண்ணில் தோட்டமாகப் போட முடியவில்லை. 1928-இல் கார் கம்பெனி முதலாளி ஹென்றி ஃபோர்டு அதே தபஜோஸ் கரையில் ஒரு நகரத்தையே கட்டி ரப்பர் நட்டார். காட்டில் ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி நிற்கும் மரத்தை நிரை நிரையாக நெருக்கி வைத்ததும், இலைக் கருகல் நோய் ஒரு மரத்திலிருந்து அடுத்ததற்குத் தாவித் தாவித் தோட்டத்தையே தின்றுவிட்டது. 1945-இல் அவர் கம்பெனி எல்லாவற்றையும் பிரேசில் அரசிடமே விட்டுவிட்டு வெளியேறியது. அந்தப் பூஞ்சை கடல் தாண்டி மலாயாவுக்கு வரவில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒரு பூஞ்சை இங்கே இல்லாததும் நம் தாத்தாக்கள் இங்கே இருந்ததற்கு ஒரு காரணம். இதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் என் குரல் கொஞ்சம் தடுமாறும்.

அம்மாவோடு ரப்பர்ப் பால் வெட்டும் பால்காட்டுக்குப் போன பள்ளி விடுமுறைகளை எப்படி மறப்பேன்? நெற்றியில் விளக்கு. முதலில் நேற்றைய வெட்டில் காய்ந்து கிடக்கும் ஒட்டுப்பாலை ஒரே இழுப்பில் உருவிக் கூடையில் போடுவார். பிறகு உளியை வைத்து, இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ்கிற கோட்டில் பட்டையைச் சீவுவார். சீவல் காகிதம் போல மெல்லிசாக விழ வேண்டும். கொஞ்சம் ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம், கங்காணி கத்துவார். வெள்ளைப் பால் கோட்டில் ஊறி, தகரக் காம்பு வழியாக மங்கில், அதாவது பால் கிண்ணத்தில், சொட்டும். பட்டைக்குள் பால் குழாய்கள் சற்றே சாய்ந்து ஏறுவதால், அந்தப் பக்கச் சாய்வில் வெட்டினால்தான் அதிகம் குழாய் அறுபடும். அம்மாவுக்கு இந்த விளக்கம் தெரியாது. கை மட்டும் ஒருநாளும் தவறியதில்லை.

விடியுமுன் மரத்தில் நீர் நிறைந்து நிற்கும், பால் நன்றாக ஓடும். வெயில் ஏறினால் ஓட்டம் குறைந்துவிடும். அதனால்தான் நாலு மணிக்கே லயத்தில் அடுப்பு எரிந்தது, கைக்குழந்தைகள் இருட்டிலேயே ஆயாக் கொட்டகைக்குப் போயின, நாம் எல்லாரும் அம்மா முகம் பார்க்காமல் பள்ளிக்குக் கிளம்பினோம். மழை பெய்தால் பட்டை நனைந்து பால் வழிந்துவிடும், வெட்டு கிடையாது. பிப்ரவரி வாக்கில் இலை உதிரும்போது பால் வற்றும், சம்பளமும் வற்றும். கடைக்காரர் கடன் நோட்டு தடிக்கும் மாதங்கள் அவை. அதுதான் எங்கள் பாலைத்திணை.

சார் இன்னொரு நாள் கரும்பலகையில் 1876 என்று எழுதி அதன் கீழே இரண்டு வரி எழுதினார். ஒன்று, விதை லண்டன் போனது. மற்றொன்று, தாது வருஷப் பஞ்சம். அதே ஆண்டில் பருவமழை பொய்த்து, சென்னை மாகாணத்தில் 1878 வரை லட்சக்கணக்கில் மக்கள் செத்தார்கள். என் பாட்டி அதைத் தன் பாட்டி சொல்லக் கேட்டவர். ரப்பர் தோட்டத்துக்கு ஆள் கட்டி அழைத்து வந்தது அதற்கும் இருபது முப்பது வருடம் கழித்துத்தான். ஆனாலும் வானம் பார்த்த பூமியை நம்பிப் பயனில்லை என்ற நினைப்பு அந்த ஊர்களை விட்டுப் போகவே இல்லை. நான் எழுந்து, "மழை பெய்யாததால்தான் நாம இங்க வந்தோமா சார்?" என்று கேட்டேன். அவர் சொன்னது வார்த்தை மாறாமல் நினைவிருக்கிறது.

"மழை பெய்யாதது மேகத்தோட காரியம். அந்தப் பஞ்சத்துலயும் தானிய மூட்டை கப்பல் ஏறிச்சு பாரு, அது மனுஷன் காரியம். ரெண்டையும் ஒரே வரியில எழுதாதடா."

பிறகு எங்களைத் தொட்டி மேட்டுக்கு அழைத்துப் போய்க் குழாய்களைக் காட்டினார். ஒன்று துரை பங்களாவுக்கு. இன்னொன்று லயத்துக் கடைசியில் இருபது வீட்டுக்குப் பொதுவான ஒற்றைக் குழாய். ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுகிற ஊரில் என் அக்கா தண்ணீருக்கு வரிசையில் நின்று பள்ளிக்குத் தாமதமாக வருவாள். மண்ணும் மழையும் மரம் எங்கே வளரும் என்பதைத் தீர்மானித்தன. குழாய் எந்தப் பக்கம் போகும் என்பதைத் தீர்மானித்தது அவை அல்ல. பூகோளம் படிக்கிறவர்கள் பலர் இந்த இடத்தில்தான் வழுக்குகிறார்கள். பாலைவனம் என்பதால் ஏழைகள், மலை என்பதால் பின்தங்கியவர்கள் என்று எளிதாக எழுதிவிடுகிறார்கள். பரீட்சைத் தாளில் அப்படி எழுதிய பிள்ளைகளுக்கு நான் முழு மதிப்பெண் போட்டதில்லை.

இதே மண்ணுக்கு இன்னொரு முகமும் உண்டு. நாம் கூலிகளாக வருவதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தமிழ் வணிகர்கள் இங்கே வந்திருக்கிறார்கள். வங்கக் கடலைத் தாண்டி வரும் கப்பலுக்கு ஜெராய் மலைதான் அடையாளம். ஒரு பருவக்காற்றில் வந்து, திரும்பிப் போகக் காற்று மாறும்வரை காத்திருக்க மெர்போக் கழிமுகம் வசதியாக இருந்தது. காத்திருக்கிற இடத்தில் சந்தை வரும், கோயில் வரும். பூஜாங் பள்ளத்தாக்கில் இன்றும் அந்தக் கோயில்களின் அடித்தளங்களைப் பார்க்கலாம். 1025-இல் ராஜேந்திர சோழன் படை நடத்திய கடாரம் இதுதான். நாங்கள் கோலி விளையாடிய இடத்திலிருந்து சைக்கிள் மிதிக்கிற தூரம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஆஸ்திரேலியாவின் பெர்த்திலிருந்து ஊருக்குப் போயிருந்தேன். லயம் இருந்த இடத்தில் வீடமைப்புத் தாமான். பள்ளி வேறு இடத்துக்கு மாறிவிட்டது. மிச்சமிருந்த நிலத்தில் செம்பனை; அதுவும் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த மரம். தொட்டி மேடு மட்டும் பாதி கரைந்து நின்றது. ஏறினேன். கீழே குலை வெட்டிக்கொண்டிருந்த இளைஞர் ஒருவர் என்னைப் பார்த்து மேலே வந்தார். வங்காளதேசத்துக்காரர். உடைந்த மலாயில் பேசிக்கொண்டோம். ஆறு கரையை அறுத்துக்கொண்டு போனதில் வீட்டு நிலம் போய்விட்டது என்றார். ஏஜண்டுக்குக் கொடுத்த கடன் இன்னும் அடையவில்லையாம். இரண்டையும் தனித்தனி வரியாகத்தான் சொன்னார்.

வடக்கே கையைக் காட்டி, அந்த மலைக்கு என்ன பெயர் என்று கேட்டார். வந்து மூன்று வருடம் ஆகியும் யாரும் அவருக்குச் சொல்லவில்லை போலிருக்கிறது. "குனோங் ஜெராய்" என்றேன். ஒருமுறை மெதுவாகச் சொல்லிப் பார்த்துவிட்டு, நீண்ட கத்தியைத் தோளில் சாய்த்தபடி கீழே இறங்கிப் போனார்.