வயிற்று நீரிலிருந்து எக்சோசோம்களைப் பிரித்தெடுத்த அனுபவம்

சினைப்பைப் புற்றுநோய் முற்றிய பெண்களுக்கு வயிற்றில் நீர் கோத்து மூச்சு முட்டும்போது, மருத்துவர்கள் அந்நீரை ஊசி வழியே வடித்தெடுப்பார்கள். நோயாளிகள் ஒப்புதல் அளித்து வழங்கிய அந்த நீரிலிருந்து எக்சோசோம்களைப் பிரிப்பதுதான் என் ஆய்வின் முதற்பணி.

செல்லுக்குள் உருவாகி வெளியேறும் இந்த நுண்பைகள் ஏறத்தாழ 30 முதல் 150 நானோமீட்டர் விட்டமுடையவை. 1983இல் முதிரும் சிவப்பணுக்களில் கண்டறியப்பட்டபோது, செல் தனக்கு வேண்டாத புரதங்களைக் கழிக்கும் வழியாகவே இவை கருதப்பட்டன; இவை ஆர்.என்.ஏ.வையும் செல்லுக்குச் செல் கொண்டுசேர்க்கின்றன என்பது 2007இல் தெரியவந்தது. சினைப்பைப் புற்றுச் செல்களின் எக்சோசோம்கள் சி.டி.44 என்னும் புரதத்தை வயிற்றறையின் உட்சவ்வுச் செல்களுக்கு அளித்து, புற்று அங்கே ஊடுருவ வழி செய்வதை ஆய்வுகள் காட்டியுள்ளன. மார்பகப் புற்றுநோயிலோ, ஹெர்2 புரதத்தைத் தாங்கிய எக்சோசோம்கள், அந்தப் புரதத்தைக் குறிவைக்கும் டிராஸ்டுசுமாப் மருந்தைத் தம்மோடு பிணைத்துக்கொண்டு அதன் வேகத்தைக் குறைக்கக்கூடும்.

நீரை மையவிலக்குக் கருவியில் புவியீர்ப்பைப்போல் 300 மடங்கு விசையில் சுழற்றிச் செல்களையும், 2,000 மடங்கில் செல் சிதைவுகளையும், 10,000 மடங்கில் பெரிய பைகளையும் நீக்கினேன். பின்னர் 1,00,000 மடங்கு விசையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் சுழற்றியதும் குழாயின் அடியில் மெல்லிய படிவு தங்கியது. அந்தப் படிவையே எக்சோசோம் என்று அழைத்துவிடும் அவசரத்தை நான் ஏற்பதில்லை. வயிற்று நீரில் ஆல்புமின் என்னும் புரதம் மிகுதி. கொழுப்புப்புரதத் துகள்களும் உண்டு. துகள்களை எண்ணும் கருவி அவற்றையும் நுண்பைகளாகவே கணக்கிடக்கூடும். ஆகவே படிவை, துகள்களை அளவுவாரியாகப் பிரிக்கும் குழாய் வடிவ நிரலிலும் செலுத்தினேன். எக்சோசோமுக்கு அடையாளமான சி.டி.63, சி.டி.81, டி.எஸ்.ஜி.101 ஆகிய புரதங்கள் தென்பட்டு, செல்லின் உட்பகுதிக்குரிய கால்னெக்ஸின் என்னும் புரதம் தென்படாத மாதிரிகளை மட்டுமே அடுத்த சோதனைக்கு எடுத்துக்கொண்டேன்.

சினைப்பைப் புற்றுநோய் பெரும்பாலும் பரவிய பிறகே கண்டறியப்படுகிறது. இன்று இந்நோய்க்காக இரத்தத்தில் அளக்கப்படும் சி.ஏ.125 என்னும் புரதம், மாதவிடாய்க் காலத்திலும், கருப்பை உட்சவ்வு போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் நோயிலும்கூட உயரக்கூடும் என்பதால், எக்சோசோம் வழியிலான இரத்தப் பரிசோதனைக்கான தேவை உண்மையானது. அதனாலேயே கலப்படமான படிவிலிருந்து பெறும் முடிவுகளை என்னால் ஏற்க இயலவில்லை. அடுத்து இரத்தத்தில் இதே பணியைத் தொடங்குகிறேன். தட்டணுக்களும் தம் நுண்பைகளை வெளியிடுவதால், பிளாஸ்மாவை உறையவைப்பதற்கு முன்பே தட்டணுக்களை நீக்கியாக வேண்டும்.