மரத்தடியில் அஸ்டில்பி வளர்த்த அனுபவம்

அஸ்டில்பியை முதன்முதலில் நட்டபோது, அது நிழலை விரும்பும் செடி என்பது மட்டுமே எனக்குத் தெரியும். ஆகவே தோட்டத்துக் கோடியில் இருந்த பெரிய மரத்தின் அடியிலேயே ஐந்து செடிகளை வைத்தேன். வசந்தத்தில் செம்பு நிறத்தில் விரிந்த இலைகள், கோடையின் நடுவில் ஓரம் பழுத்துச் சுருண்டு, தொட்டால் சருகாய் நொறுங்கின. பூங்கதிர்கள் நிறம் காட்டுமுன்பே காய்ந்தன.

நாள்தோறும் தண்ணீர் ஊற்றியும் இப்படி ஆனது ஏன் என்று விளங்காமல், ஒரு மாலை நீர் ஊற்றிய கையோடு மண்ணைக் கிளறிப் பார்த்தேன். மேலே இரண்டு விரற்கடை ஈரம். அதன் கீழே வெறும் பொடிமண், அதற்குள் வலைபோலப் பின்னிக் கிடந்த மரத்தின் சல்லிவேர்கள். நிழல் தந்த மரமே ஈரத்தையும் உறிஞ்சிக்கொண்டிருந்தது.

நான் வைத்திருந்தது ஃபனால் என்னும் கருஞ்சிவப்பு வகை. ஜெர்மானியரான கியோர்க் ஆரெண்ட்ஸ் உருவாக்கிய கலப்பினங்களுள் ஒன்று. இவற்றின் மூதாதைகள் கிழக்காசிய மலைகளில் ஓடைக்கரைகளில் வளர்பவை என்று அறிந்த பிறகே, இச்செடிக்கு நிழலைவிட ஈரமே முதன்மையானது என்பது புரிந்தது.

இலையுதிர்காலத்தில் செடிகளைப் பெயர்த்து, பிற்பகலில் மட்டும் மரநிழல் விழும் ஓரப்பாத்திக்கு மாற்றினேன். ஒரு மண்வெட்டி ஆழம் கொத்தி, இலைமக்கைத் தாராளமாகக் கலந்து, 45 செ.மீ. இடைவெளியில் நட்டு, வசந்தத்தில் மண் ஈரமாக இருக்கும்போதே 5 செ.மீ. கனத்துக்கு மூடாக்கு இட்டேன். தினமும் தெளிப்பதை விட்டுவிட்டு, வாரம் இருமுறை வேர்வரை இறங்கும்படி நின்று பாய்ச்சினேன். ஆனாலும் பாத்தியின் தாழ்ந்த மூலையில் வைத்த ஒன்றை இழந்தேன். குளிர்காலத்தில் நீர் தேங்கி, அதன் வேர்த்தண்டு அழுத்தினால் குழையும் அளவுக்கு அழுகியிருந்தது. ஈரம் வேறு, தேக்கம் வேறு.

மற்ற நான்கும் அடுத்த கோடையில் ஓரளவும், அதற்கடுத்த கோடையில் நிறைவாகவும் பூத்தன. நான்காம் ஆண்டில் வேர்த்தண்டுகள் கட்டைபோல இறுகி மண்ணுக்கு மேலே எழும்பியதால், கத்தியால் பிளந்து, துண்டுக்கு இரண்டு மூன்று முளைமொட்டுகள் இருக்குமாறு பிரித்தேன். அவற்றுள் சிலவற்றை மரக்கூட்டத்தின் சரிவில், இலைச்சருகு மக்கி எப்போதும் குளிர்ந்திருக்கும் பள்ளத்தின் விளிம்பில் நட்டிருக்கிறேன். காய்ந்த கதிர்களை மட்டும் வசந்தம் வரை வெட்டுவதில்லை. உறைபனி படிந்த காலையில் அவை நிற்கும் அழகை இழக்க எனக்கு மனம் வராது.