மின்சாரம் இல்லாமல் கோபப்படுவது: மூன்று மாதக் கணக்கு

ஜனவரியில் ஆரம்பித்தபோது திட்டம் ரொம்ப சுலபமாகத் தெரிந்தது. கோபம், பொறாமை, காத்திருப்பு, வெட்கம் என்று நாலு உணர்ச்சிகள். ஆளுக்கு ஒரு பாட்டு. நைலான் தந்தி கிட்டார், குரல், வீட்டில் கிடந்த பழைய ஹார்மோனியம், அவ்வளவுதான். பிளக்கில் செருகுகிற வாத்தியம் எதுவும் கிடையாது. இப்போது ஏப்ரல். கையில் இருப்பது ஒன்றரைப் பாட்டு.

இந்த ஆசையைக் கிளப்பிவிட்டது 'ஃப்ளோரியன்', லே ஓர்மே என்ற இத்தாலிய ராக் குழு 1979இல் வெளியிட்ட ஆல்பம். வெனிஸ் பக்கத்து ஆட்கள். அதற்கு முன்னால் ஹேமண்ட் ஆர்கன், மூக் சிந்தசைசர் என்று மின்சாரக் கீபோர்டுகளோடு முழங்கியவர்கள். 1973இல் வந்த அவர்களுடைய 'ஃபெலோனா எ சொரோனா' ஆல்பத்தை சத்தமாக வைத்தால் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார். இத்தாலியில் ப்ராக் ராக் (நீளமான, சிக்கலான தாளங்கள் கொண்ட ராக்) அலை வடிந்துகொண்டிருந்த நேரத்தில் இவர்கள் மேடையிலிருந்து ஒதுங்கி, கரண்ட் தேவைப்படாத புது வாத்தியங்கள் கற்க உட்கார்ந்துவிட்டார்கள். பாஸ் கிட்டார் வாசித்துப் பாடிய ஆல்டோ தால்யாபியேத்ரா செல்லோவை எடுத்தார். கிட்டார்காரர் ஜெர்மானோ செராஃபின் வயலினை எடுத்தார். டிரம்ஸ்காரர் மிக்கி தேயி ரோஸ்ஸி குச்சியால் தட்டி வாசிக்கிற மரிம்பா, வைப்ரபோன் பக்கம் போனார். பேர் வாங்கின பிறகு மறுபடி சரளி வரிசையில் உட்கார எத்தனை பேருக்கு மனசு வரும்? ஆல்பத்தின் பெயர், வெனிஸின் சான் மார்கோ சதுக்கத்தில் 1720இல் திறந்த காபிக்கடையின் பெயர். கேட்டுப் பாருங்கள்.

அதிலிருந்து எந்தப் பாட்டையும் நான் வாசித்துப் பார்க்கவில்லை. செல்லோவுக்கு நான் எங்கே போக? 'கரண்ட் இல்லாமல் ப்ராக்' என்ற அந்த வீம்பை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

முதலில் கோபம். மின்சார கிட்டார் என்றால் கோபத்துக்கு ஒலியைக் கரகரக்க வைக்கிற ஒரு பெடலை மிதித்தால் போதும், பாதி வேலை முடிந்தது. நைலான் தந்தியில் அந்த வசதி கிடையாது. கிட்டார் கழுத்தில் பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு (குறுக்குக் கம்பிக்கு) நேரே ஒன்றரைச் சாண் தள்ளி மைக்கை வைத்து, ஓங்கி ஓங்கி அடித்தேன். அளவுமானி சிவப்பைத் தொட்டது. தந்தி ஃப்ரெட்டில் மோதி 'ஜிர்ர்' என்றது. அதோடு, பலமாக மீட்டினால் தந்தி தொடக்கத்தில் கொஞ்சம் மேல்சுருதிக்கு ஏறிவிட்டுத்தான் இறங்குகிறது. ஒவ்வொரு அடியும் லேசாக அபஸ்வரம். ஒன்பது தடவை பதிந்தேன், ஒன்பதும் குப்பை. கேட்டால் கோபக்காரனாகத் தெரியவில்லை, கிட்டார் வாசிக்கத் தெரியாதவனாகத் தெரிந்தது.

அப்புறம் ஒரு நாள் ராத்திரி பன்னிரண்டு மணி. வீட்டில் எல்லாரும் தூங்குகிறார்கள். சத்தம் வரக்கூடாதே என்று வலது உள்ளங்கையின் ஓரத்தைத் தந்திகள் முடிகிற பாலத்தின் மேல் வைத்து அமுக்கிக்கொண்டு, கட்டைவிரலால் மட்டும் மீட்டினேன். ஒலி 'டொக் டொக்' என்று செத்து விழுந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ஒருவர் அடிக்குரலில் பேசுகிற மாதிரி. தேடிக்கொண்டிருந்தது இதைத்தான். வேகத்தையும் நிமிடத்துக்கு 132 தட்டிலிருந்து 96க்கு இறக்கினேன்.

தாளமும் அன்று ராத்திரிதான் மாறியது. அதுவரை எட்டு எண்ணிக்கை. அதில் ஒன்றைப் பிடுங்கி ஏழாக்கினேன். மிஸ்ர சாபுதான், 'தகிட தகதிமி' என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டால் ப்ராக் ராக்கின் ஏழு எண்ணிக்கையெல்லாம் அவ்வளவு பயமுறுத்தாது. கேட்பவர் கால் தட்டுகிற இடத்துக்கு முன்பே அடுத்த சுற்று வந்து விழுகிறது. முழுசாகச் சொல்லவிடாமல் யாரோ குறுக்கே பேசுகிற எரிச்சல் அதில் இருக்கிறது. மூன்று நிமிடம் நாற்பது வினாடி. இதை முடிந்த கணக்கில் சேர்த்துவிட்டேன்.

பொறாமையைத் தொட்டேன், விட்டேன். கோபத்தின் தம்பி மாதிரியே வந்தது.

காத்திருப்புதான் அந்த அரைப் பாட்டு. அகராதியை வைத்துக்கொண்டு நானே இத்தாலியனில் நாலு வரி எழுதினேன். இலக்கணம் எப்படியோ, உச்சரிப்பில் நமக்கு ஒரு சவுகரியம் உண்டு. ஒற்று மிகுந்தால் அர்த்தம் மாறும் என்பது பலிக்கும் பல்லிக்கும் வித்தியாசம் தெரிந்த நமக்குப் புதிதில்லை. அங்கே 'பாலா' மண்வாரி, 'பல்லா' பந்து. 'நோனோ' ஒன்பதாவது, 'நொன்னோ' தாத்தா. ஒரு எச்சரிக்கை மட்டும்: இரவுக்கு 'நொட்டே' என்று நாக்கை மடித்துவிடாதீர்கள், 'நொத்தே'.

இவ்வளவு தெரிந்தும் மாட்டிக்கொண்டேன். 'ஒரு வருஷம் காத்திருந்தேன்' என்று ஒரு வரி. வருஷம் என்றால் 'அன்னோ'. மெட்டில் மிக நீளமான சுரம் அந்த 'அ'வின் மேல் விழுந்திருந்தது. உருக்கமாக இழுத்துப் பாடினேன். இழுக்க இழுக்க அது 'ஆ...னோ' ஆகிவிட்டது. ஒற்று காணாமல் போனால் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் ஆசனவாய். இரண்டு வாரமாக அதற்காகத்தான் காத்திருப்பதாக உருகியிருக்கிறேன். ஹெட்ஃபோனில் கேட்டபோதுதான் உறைத்தது. 'அ'வைக் குறுக்கி, 'ன்'னில் ஒரு கணம் நின்று, இழுப்பதைக் கடைசி 'ஓ'வுக்குத் தள்ளி மெட்டை மாற்றினேன். உண்மையில் இப்போதுதான் காத்திருக்கிற மாதிரி இருக்கிறது, அந்த 'ன்'னில் நிற்கிற இடத்தில்.

ஹார்மோனியத்தில் துருத்தி மூச்சுவிடும் சத்தம் பதிவில் கேட்கிறது. முதலில் அழிக்கப் பார்த்தேன், பிறகு அப்படியே விட்டுவிட்டேன். மேல் ஸ்தாயி 'ப'வின் ரீட் மட்டும் ஒட்டிக்கொண்டு பேசமாட்டேன் என்கிறது. இந்த வாரம் கழற்றித் தூசி தட்ட வேண்டும். பதிவு நேரத்தில் மின்விசிறியை நிறுத்துவதால் பத்து நிமிடத்தில் வியர்த்து வழிகிறது, தந்தியும் சுருதி இறங்குகிறது. மே மாதம் அதிகாலை நாலரைக்கு எழுந்து பதிவதாக உத்தேசம்.

வெட்கத்தை இன்னும் ஆரம்பிக்கவில்லை. 'அன்னோ' விஷயத்தில் பட்டதையே அதற்கு வைத்துக்கொள்ளலாமா என்று பார்க்கிறேன்.