அந்த மூன்று முன்கதைகளும் வாங்கிய திட்டும்

போன மாதம் அக்கா மகனோடு உட்கார்ந்து ஜார்ஜ் லூகாஸ் உருவாக்கிய ஸ்டார் வார்ஸ் படங்கள் ஆறையும் பார்த்து முடித்தேன். அதில் நான்கு, ஐந்து, ஆறு என்ற பாகங்கள்தான் முதலில் வந்தன, ஒன்று, இரண்டு, மூன்று அவற்றுக்கு முன்கதைகளாகப் பின்னால் வந்தவை. வெளிவந்த வரிசையில் பார்க்கலாம் என்று எவ்வளவோ சொன்னேன், அவன் கேட்கவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் இருக்கும்போது எதற்கு நான்கிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்றான். பத்து வயதுப் பையன், அவன் கேட்பதும் நியாயம்தான், சரி என்று 1999இல் வந்த தி ஃபாண்டம் மெனஸிலிருந்தே தொடங்கினோம். அப்புறம் ஐந்தாவதாக, 1980இல் வந்த தி எம்பயர் ஸ்ட்ரைக்ஸ் பேக். கை வெட்டுப்பட்டு விளிம்பில் தொங்கிக்கொண்டிருக்கும் நாயகன் லூக்கிடம் வில்லன் டார்த் வேடர், நான்தான் உன் அப்பா என்று சொல்லும் இடம் வந்தபோது நான் திரையைப் பார்க்கவில்லை, அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "இதுதான் முன்னாடியே தெரியுமே சித்தி" என்றான்.

எனக்கு மனசு கனத்துப்போனது. சின்ன வயதில் அந்த ஒரு நொடியில் நான் மூச்சுவிட மறந்து உட்கார்ந்திருந்தேன். அந்த நொடியை அவனுக்குக் கிடைக்காமல் செய்தவை முன்னால் பார்த்த மூன்று படங்கள்தான், அனாக்கின் என்ற சிறுவன் வேடராக மாறும் கதை அவை. இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாக அந்தப் படங்கள் வாங்கிக்கொண்டிருக்கும் திட்டு நியாயமானதா என்று அன்றிலிருந்து யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

நியாயம்தான் என்று நினைக்கிறேன். ஆனால் திட்டியவர்களில் பாதிப் பேர் திட்ட வேண்டியதை விட்டுவிட்டு வேறு எதையோ திட்டிக்கொண்டிருந்தார்கள்.

முதலில், முடிவு தெரிந்த கதையில் என்ன சுவாரசியம் என்று சொல்பவர்களை என்னால் ஒப்புக்கொள்ளவே முடியாது. கர்ணன் சாகப்போகிறான் என்று தெரியாமலா பாரதக் கதை கேட்கிறோம்? 2016இல் வந்த இன்னொரு ஸ்டார் வார்ஸ் முன்கதையான ரோக் ஒன்னில், எதிரியின் ஆயுத வரைபடங்கள் கிளர்ச்சிக்காரர்களிடம் போய்ச் சேரும் என்று எல்லோருக்கும் தெரியும், அப்படியும் கடைசி அரைமணி நேரம் நெஞ்சு அடித்துக்கொண்டுதான் இருந்தது.

அடுத்தது அரசியல். விண்வெளிச் சண்டையை எதிர்பார்த்துப் போனால் வணிகப் பாதை, வரி, செனட் கூட்டம் என்று போரடிக்கிறது என்று சிரித்தார்கள். எனக்கோ அந்த மூன்று படங்களிலும் மிக ஆழமான விஷயமே அதுதான். ஒரு குடியரசை வெளியிலிருந்து வந்து யாரும் பிடிக்கவில்லை, அது தானாகவே தன் கழுத்தை நீட்டுகிறது. 2002இல் வந்த அட்டாக் ஆஃப் தி க்ளோன்ஸில், பின்னால் பேரரசனாகிவிடும் பால்படீனுக்கு அவசரகால அதிகாரம் கொடுக்க வேண்டும் என்று செனட்டில் முன்மொழிவது யார் தெரியுமா? ஜார் ஜார் பிங்க்ஸ். எல்லோரும் வெறுத்த அந்தக் கோமாளிதான். கெட்ட எண்ணம் துளியும் இல்லாத, எளிதில் நம்பிவிடும் ஒருவன் கையால்தான் அந்தக் கதவு திறக்கிறது. இதை யோசித்து எழுதியவருக்கு உரிய பாராட்டு அன்றைக்குக் கிடைக்கவில்லை, எனக்கு அதில் இன்னும் வருத்தம் உண்டு.

ஜார் ஜார் என்றதும் அகமது பெஸ்ட் நினைவுக்கு வருகிறார். முழுக்கக் கணினியில் உருவான ஒரு பாத்திரம் நிஜ நடிகர்களோடு படம் நெடுக வருவது அப்போது புதுசு, அதற்காகப் படப்பிடிப்பில் நின்று, நடந்து, விழுந்து, குரலும் கொடுத்தவர் அவர். தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ் படங்களின் கோல்லம் வந்து எல்லோரையும் வியக்க வைத்தது அதற்கு மூன்று வருஷம் கழித்து. அந்தப் பாத்திரத்தின் மேல் வந்த வெறுப்பு முழுவதும் அவர் தலையில் இறங்கியது, அந்த நாட்களில் உயிரை விட்டுவிடும் எண்ணம்வரை போனதாக 2018இல் அவரே வெளிப்படையாகச் சொன்னார். குட்டி அனாக்கினாக நடித்த ஜேக் லாய்டையும் விட்டுவைக்கவில்லை, அத்தனை சின்னப் பையனை! எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்று நம் ஆட்கள் சும்மாவா சொன்னார்கள். 2023இல் தி மேண்டலோரியன் தொடரில் ஒரு குழந்தையைக் காப்பாற்றும் ஜெடை வீரராக பெஸ்ட் வாளோடு வந்து நின்றபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

சரி, எய்தவரிடம் வருவோம். மூன்று படங்களையும் ஜார்ஜ் லூகாஸே எழுதி அவரே இயக்கினார், எழுத்தில் துணைக்கு ஒருவர் இருந்தது இரண்டாவது படத்தில் மட்டும்தான். பழைய படங்கள் அப்படி இல்லை. எம்பயரை இயக்கியவர் இர்வின் கெர்ஷ்னர், திரைக்கதையில் லீ பிராக்கெட்டும் லாரன்ஸ் காஸ்டனும் இருந்தார்கள். முதலில் வெளிவந்த படத்திலேயே, இந்த வசனத்தை டைப் அடிக்கலாம், வாயால் பேச முடியாது என்று நடிகர் ஹாரிசன் ஃபோர்டு லூகாஸிடம் முகத்துக்கு நேராகச் சொன்ன கதை எல்லோருக்கும் தெரியும். அப்படிச் சொல்ல 1999இல் யாரும் இல்லை, அல்லது யார் சொல்லியும் எடுபடவில்லை. அனாக்கினும் பத்மேயும் காதல் பேசும் காட்சிகளைப் பாருங்கள், மணலைப் பிடிக்காது என்று அவன் சொல்வதிலிருந்து, ஒரு வாக்கியமாவது நாக்கில் புரள வேண்டுமே. வளர்ந்த அனாக்கினாக நடித்த ஹேடன் கிறிஸ்டென்சனுக்கு நடிக்கத் தெரியாது என்று சொன்னவர்கள், அட்டாக் ஆஃப் தி க்ளோன்ஸுக்கு அடுத்த வருஷமே வந்த ஷாட்டர்ட் கிளாஸில் அவர் ஒரு பொய்யனாக நடித்ததைப் பார்த்தால் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

ஆனால் வசனத்தைக்கூட மன்னித்துவிடலாம், விளக்கத்தை மன்னிக்க முடியவில்லை. பழைய படங்களில் ஃபோர்ஸ் என்பது உயிருள்ள எல்லாவற்றையும் சூழ்ந்து கட்டிப்போடும் ஏதோ ஒன்று, அவ்வளவுதான். குட்டியூண்டு ஜெடை குரு யோடா சதுப்பு நிலத்திலிருந்து ஒரு விமானத்தையே தூக்கி நிறுத்தும்போது நமக்குள் எழுந்தது பக்திக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு உணர்வு. தி ஃபாண்டம் மெனஸில் அது ரத்தப் பரிசோதனை ஆகிவிட்டது. பையன் கையிலிருந்து ஒரு துளி ரத்தம் எடுத்து ஃபோர்ஸோடு தொடர்பு தரும் மிடிகுளோரியன் என்ற நுண்ணுயிர் எத்தனை என்று எண்ணி, இருபதாயிரத்துக்கு மேல், யோடாவுக்கே இவ்வளவு இல்லை என்கிறார்கள். யாருமே கேட்காத கேள்விக்கு ஒரு பதில்.

இதே தப்பை இன்னும் வலிக்கும்படி செய்தது, ஏலியன் படத்துக்கு முன்கதையாக 2012இல் வந்த ப்ரோமீதியஸ். 1979இல் ஏலியன் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி மறந்திருக்காது. கைவிடப்பட்ட கப்பலுக்குள் மூன்று பேர் நுழைகிறார்கள், நடுவில் ஒரு பிரம்மாண்ட நாற்காலி, அதில் தும்பிக்கை மாதிரி முகத்தோடு ஒரு ராட்சத உருவம் நாற்காலியோடு நாற்காலியாக ஒட்டிக் கல்லாகிக் கிடக்கிறது. அதன் எலும்புகள் வெளிப்பக்கமாக வளைந்திருக்கின்றன, உள்ளிருந்து ஏதோ வெடித்துக் கிளம்பிய மாதிரி. அவ்வளவுதான் சொல்கிறார்கள், அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். ஓவியர் எச்.ஆர். கீகர் வடிவமைத்த அந்த உருவம் இன்னும் பெரிதாகத் தெரிய வேண்டும் என்று இயக்குநர் ரிட்லி ஸ்காட் தன் சொந்தப் பிள்ளைகளுக்கே குட்டியாக விண்வெளி உடை தைத்துப் போட்டுவிட்டு நடக்க வைத்து எடுத்தார். பிரபஞ்சம் நம்மைவிட எவ்வளவு பழையது, எவ்வளவு பெரியது என்று அந்த ஒன்றிரண்டு நிமிடம் எனக்குக் காட்டியது போல வேறெதுவும் காட்டவில்லை. முப்பத்து மூன்று வருஷம் கழித்து அதே ரிட்லி ஸ்காட் வந்து, அந்தத் தும்பிக்கை வெறும் தலைக்கவசம், உள்ளே இருந்தது மொட்டைத்தலை வெள்ளை மனிதன் ஒருவன், நம்மைப் படைத்ததே அவன் கூட்டம்தான் என்றார். படம் பார்க்க அழகாகத்தான் இருக்கிறது, மைக்கேல் ஃபாஸ்பெண்டரும் அருமை. ஆனால் இப்போது பழைய ஏலியனைப் போட்டால் அந்த நாற்காலிக்கு முன்னால் எனக்கு முதுகு சில்லிடுவதில்லை. பிள்ளைகளை வைத்துப் பெரிதாக்கிய உருவத்தை அவரே குறுக்கிவிட்டார்.

2011இல் வந்த தி திங் முன்கதை பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, கையால் உழைத்துச் செய்த பொம்மைகளை எல்லாம் கணினி வரைகலையால் மூடிவிட்டார்கள் என்பதைத் தவிர.

இவ்வளவு சொன்னாலும், லூகாஸ் வசனத்தை நிறுத்தும் இடங்களில் நான் வாயடைத்துப் போகிறேன். ஃபாண்டம் மெனஸின் கடைசிச் சண்டையில் சிவப்பு ஒளிச்சுவர்கள் திடீரென மூடிக்கொண்டு மூன்று பேரையும் பிரித்துவிடுகின்றன. வில்லன் டார்த் மால் கூண்டில் அடைபட்ட புலி மாதிரி சுவருக்கு அந்தப் பக்கம் இங்குமங்கும் நடக்கிறான், வாளால் சுவரைத் தொட்டுப் பார்க்கிறான். ஜெடை குரு க்வை-கான் வாளை அணைத்துவிட்டு மண்டியிட்டுக் கண்ணை மூடிக்கொள்கிறார். பின்னால் அவருடைய சீடன், இளைய ஓபி-வான், கால்மாற்றி நின்று துடிக்கிறான். மூன்று பேர், மூன்று குணம், ஒரு வார்த்தை கிடையாது. இதை எடுத்த கைதான் அந்த மணல் வசனத்தையும் எழுதியது என்பதை என்னால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை.

இப்போது இந்தப் படங்களுக்கு மவுசு திரும்பியிருக்கிறது. அன்று குழந்தைகளாகப் பார்த்தவர்கள் வளர்ந்துவிட்டார்கள், 2008இல் தொடங்கிய தி க்ளோன் வார்ஸ் அனிமேஷன் தொடர் அனாக்கினுக்குப் படங்கள் கொடுக்காத நட்பையும் சிரிப்பையும் கொடுத்தது. அந்தத் தொடரின் நன்மதிப்பைப் படங்களின் கணக்கில் வரவு வைக்கிறார்கள், அது சரியில்லை என்று நண்பர்களிடம் நானே வாதாடியிருக்கிறேன்.

ஆனால் அக்கா மகன் இன்னொன்றும் காட்டினான். 1983இல் வந்த ஆறாவது படம், ரிட்டர்ன் ஆஃப் தி ஜெடை. சாகும் தறுவாயில் வேடர் முகமூடியைக் கழற்றச் சொல்ல, லூக் கழற்றுகிறான், உள்ளே வெளிறிப்போன, தழும்பேறிய ஒரு முகம். அந்தக் காட்சியில் நான் ஒருநாளும் அழுததில்லை, எனக்கு வேடர் அதுவரை ஒரு கறுப்பு முகமூடி, அவ்வளவுதான். இவன் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தேம்பினான். "அம்மாவை விட்டுட்டு வந்தானே, அந்தப் பையனா சித்தி இது?"

படம் முடிந்ததும், தி ஃபாண்டம் மெனஸில் அனாக்கின் அம்மாவை விட்டுப் பிரியும் அந்த இடத்தை மறுபடி போடச் சொன்னான். போட்டேன். முதுகில் ஒரு பையோடு ஜேக் லாய்ட் நடந்து போகிறான், நான்கு அடி போனதும் நின்று, திரும்பி, அம்மாவிடம் ஓடி வருகிறான். திரும்பிப் பார்க்காமல் போ என்கிறாள் அவள். இருவரும் ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தோம்.