ஒரே டிரக், இரண்டு நியாயம்: எலக்ட்ரீஷியனின் மைலேஜ் கணக்கு

அமெரிக்காவில் எலக்ட்ரீஷியனாக இருக்கிறேன். 2024 நடுவில் சம்பள வேலையை விட்டுவிட்டுத் தனியாகத் தொழில் தொடங்கினேன். அதனால் அந்த வருட வரிக் கணக்கில் என் பிக்கப் டிரக்குக்கு இரண்டு நியாயம் ஆகிவிட்டது.

சம்பளத்தில் இருந்த மாதங்களைப் பற்றிப் பேச அதிகமில்லை. வீட்டிலிருந்து சைட்டுக்கு ஓட்டியதில் வரியில் கழிக்க ஒரு மைல்கூடத் தேறாது. டபிள்யூ-2 (முதலாளி தரும் வருடச் சம்பளச் சான்று) வாங்கும் எங்களைப் போன்றவர்கள் கைக்காசு போட்டுச் செய்யும் வேலைச் செலவைக் கூட்டாட்சி வரியில் கழிக்கும் வழி 2018-லேயே மூடப்பட்டுவிட்டது. முதலாளி திருப்பிக் கொடுத்தால் உண்டு.

தனித்தொழில் மாதங்களுக்குத்தான் சிபிஏ (வரிக் கணக்கு பார்க்கும் கணக்காளர்) முன்னால் நீண்ட நேரம் உட்கார வேண்டியிருந்தது. வீட்டிலிருந்து வேலைக்குப் போவதைச் சொந்தப் பயணம் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். "டிரக் நிறைய டூல்ஸ் ஏற்றிக்கொண்டு போகிறோம், அப்புறம் அது எப்படிச் சொந்தப் பயணமாகும்?" என்று சைட்டில் எல்லாரும் கேட்பார்கள். நியாயமான கேள்விதான், ஆனால் வரித் துறையான ஐஆர்எஸ் அதற்கு மசியாது. டூல்ஸுக்காகவே டிரெய்லர் வாடகைக்கு எடுத்தால் அந்த வாடகையைக் கழிக்கலாம், ஓட்டிய மைலை அல்ல. கதவில் தொழில் பெயரை ஒட்டிக்கொண்டாலும் அதே கதைதான்.

சிபிஏ டிரக்கைப் பற்றிக் கேட்கவே இல்லை. வீட்டைப் பற்றித்தான் கேட்டார். "எஸ்டிமேட், பில் எல்லாம் எங்கே உட்கார்ந்து போடுகிறீர்கள்? வேறு ஆபீஸ் இருக்கிறதா? அந்த அறையில் விருந்தாளி யாராவது படுப்பார்களா?" பின்பக்கச் சின்ன அறையில் ஒரு மேஜை, பில் பெட்டி, பிரிண்டர், அவ்வளவுதான். மச்சான் வந்தபோதுகூட ஹாலில்தான் படுத்தார். (அவருக்கு அதில் இன்னும் வருத்தம் உண்டு.) அந்த இடம் தொழிலுக்கு மட்டுமே, தவறாமல் பயன்பட வேண்டும். நிர்வாக வேலை பார்க்க வேறு நிலையான இடமும் இருக்கக் கூடாது. அப்படியானால் வீடே தொழிலின் தலைமையிடம். அங்கிருந்து சைட்டுக்குப் போவது ஓர் ஆபீஸிலிருந்து இன்னோர் இடத்துக்குப் போவது போலத்தான், மைல் முழுவதும் தொழில் கணக்கு.

அந்த அறை இல்லாவிட்டால்? ஊருக்குள் இருக்கும் சைட் என்றால் காலையில் முதல் இடத்துக்குப் போவதும் மாலையில் வீடு திரும்புவதும் கழிவில் வராது. நடுவில் ஒரு சைட்டிலிருந்து இன்னொன்றுக்கு ஓடுவது மட்டும் வரும். ஒரு வருடத்துக்குள் முடியக்கூடிய வேலை, அதுவும் மாநகரப் பகுதிக்கு வெளியே என்றால் அந்தப் பயணமும் சேரும்.

அடுத்து லாக், அதாவது ஓட்டிய மைலைக் குறித்து வைக்கும் பதிவு. தேதி, போன இடம், எதற்காக, எத்தனை மைல் என்று அன்றன்றே எழுதியிருக்க வேண்டும். டேஷ்போர்டில் கிடந்த நோட்டில் "சப்ளை ஹவுஸ், பிரேக்கர் வாங்க" என்ற மாதிரி வரிகள் இருந்தன. சிபிஏவுக்கு அதுவே போதுமாக இருந்தது. தனித்தொழில் வரவு செலவைக் காட்டும் ஷெட்யூல் சி படிவத்தில் தொழில் மைல், வேலைக்குப் போய்வந்த மைல், மற்ற மைல் என்று மூன்று கட்டங்கள். அதன் கீழே ஆதாரம் இருக்கிறதா, அது எழுத்தில் இருக்கிறதா என்று நேராகவே கேட்கிறார்கள். சம்பளக் காலத்து ஓட்டமெல்லாம் இரண்டாவது கட்டத்தில் போய் உட்கார்ந்தது.

2024-க்குத் தொழில் மைல் ஒன்றுக்கு 67 சென்ட் கழித்துக்கொள்ளலாம். இது வருமான வரியை மட்டுமல்ல, தனித்தொழில் செய்பவர்கள் கட்டும் 15.3 சதவீத வரியையும் குறைக்கிறது. பெட்ரோல், ஆயில், டயர், இன்சூரன்ஸ் எல்லாம் அந்த 67 சென்ட்டுக்குள் அடக்கம். டோலும் சைட்டில் கட்டிய பார்க்கிங்கும் தனி. நான் கொடுத்த ரசீதுக் கட்டில் ஒரு பார்க்கிங் அபராதச் சீட்டும் இருந்தது. அதை மட்டும் சிபிஏ ஓரமாக எடுத்து வைத்துவிட்டார்.