கியோத்தோவில் கிமோனோ ஜோடி போட்டோஷூட்: திட்டக் குறிப்புகள்

ஆகஸ்ட் 30, 2025, சனி

தேதி முடிவானது: நவம்பர் 26, புதன். ஜப்பானின் கியோத்தோவில் மேப்பிள் இலைகள் நன்றாகச் சிவந்திருப்பது நவம்பர் கடைசி வாரம் முதல் டிசம்பர் முதல் நாட்கள் வரை. அதே மாதத்தில் இடைஞ்சலும் உண்டு. 15ஆம் தேதியை ஒட்டிய வார இறுதிகளில் ஷிச்சி-கோ-சான் வருகிறது. மூன்று, ஐந்து, ஏழு வயதுப் பிள்ளைகளை அலங்கரித்து ஆலயத்துக்கு அழைத்துப்போகும் சடங்கு அது. கிமோனோ உடுத்திவிடுபவர்கள், புகைப்படக்காரர்கள் எல்லோரும் அந்த வேலைக்குப் போய்விடுவார்கள். 23ஆம் தேதி தொழிலாளர் நன்றி நாள். இந்த வருடம் அது ஞாயிறு என்பதால் திங்களும் விடுமுறை. மூன்று நாளும், நாம் படமெடுக்கப்போகும் ஹிகாஷியாமா பகுதியில் கால் வைக்க இடமிருக்காது. செவ்வாயன்று கூட்டம் வடியும், புதன் காலை நமக்கு. தாயான் எனப்படும் சுபநாட்களையும் நாட்காட்டியில் பார்த்துக்கொள்ள வேண்டும். கல்யாணப் படக்காரர்கள் அன்று கிடைப்பது கடினம்.

செப்டம்பர் 7, ஞாயிறு

இந்தத் திட்டத்தின் முடிச்சே நேரத்தில்தான் இருக்கிறது. நவம்பர் கடைசியில் கியோத்தோவில் சூரிய உதயம் சுமார் 6:43, அஸ்தமனம் 4:46. ஆளில்லாத தெரு வேண்டுமென்றால் காலை 6:40 முதல் 8 வரை. வாடகைக் கிமோனோ கடைகளோ பெரும்பாலும் 9 மணிக்குத்தான் திறக்கும். உடுத்தி, தலைவாரி வெளியே வர 10 ஆகிவிடும். அதற்குள் நினென்ஸகா படித்தெரு முழுக்கக் குடையும் செல்ஃபி குச்சியும்.

வழி மூன்று. ஒன்று, கூடுதல் கட்டணத்துக்கு அதிகாலையில் திறக்கும் கடை. இரண்டு, முந்தின நாளே கிமோனோவை விடுதிக்கு வரவழைத்து, உடுத்திவிடுபவரை அறைக்கே அழைப்பது. மூன்று, மாலை வெளிச்சத்துக்குப் போய், கிமோனோவை மறுநாள் திருப்பித் தருவது. மூன்றாவது மலிவு, ஆனால் மாலை நாலு மணிக் கூட்டத்தைத் தவிர்க்க வழியே இல்லை. இரண்டாவதைத் தேர்ந்தாயிற்று. செலவு கூடும், படத்தில் தெரியும் வித்தியாசம் அந்தச் செலவுக்குத் தகும். விடுதி, முதல் படம் எடுக்கும் யாசகா பகோடா கோபுரத்திலிருந்து பத்து நிமிட நடைக்குள் இருக்க வேண்டும். ஸோரி செருப்பில் அதற்கு மேல் நடக்க வைத்தால் முதல் படத்திலேயே முகம் சோர்ந்துவிடும்.

செப்டம்பர் 20, சனி

இடங்கள். பகோடா என்று எல்லோரும் சொல்வது ஹோகான்-ஜி ஆலயத்தின் ஐந்து அடுக்குக் கோபுரம், 46 மீட்டர். கிழக்கே மேட்டிலிருந்து மேற்கு நோக்கி எடுத்தால் தெரு கீழிறங்க, கோபுரம் எதிரே நிற்கும். காலை வெளிச்சம் கோபுரத்தின் முகத்தில் விழும். ஆனால் கிழக்கே மலை இருப்பதால் உதயமானதும் தெருவுக்கு வெயில் வந்துவிடாது. அந்த இடைவேளையில் கிடைக்கும் மென்மையான, நிழலற்ற வெளிச்சம்தான் முகத்துக்கும் பட்டுக்கும் நல்லது.

அங்கிருந்து நினென்ஸகா, பிறகு நெனெ-நோ-மிச்சி தெரு, மருயாமா பூங்கா, கடைசியில் கியோன் பகுதியின் ஷிராகாவா ஓடைப் பாலம். எல்லாம் நடக்கும் தூரம்.

தவிர்க்க வேண்டியவை: இஷிபெ-கோஜி சந்து (படமெடுக்கத் தடை), கியோனின் தென்பகுதித் தனியார் சந்துகள். பின்னதில் 2019 முதலே அனுமதியின்றிப் படமெடுத்தால் 10,000 யென் கேட்கும் பலகை உண்டு. 2024இல் சில சந்துகளில் சுற்றுலாப் பயணிகள் நுழைவதையே தடுத்துவிட்டார்கள். ஹனமிகோஜி பொதுச்சாலை, நடக்கலாம். வழியில் மைகோ (கெய்ஷா கலை பயிலும் இளம்பெண்) யாராவது போனால் ஒதுங்கி வழிவிட வேண்டும், கேமராவைத் தூக்கக் கூடாது.

கியோமிசு-தேரா ஆலயம் காலை 6 மணிக்கே திறக்கிறது என்பதால் பலர் அதைப் பட்டியலில் சேர்க்கிறார்கள். கூலிக்கு வந்த புகைப்படக்காரரோடு ஆலய வளாகத்துக்குள் போனால் அது வணிகப் படப்பிடிப்பு. படம் யாருக்காக என்பது கணக்கில்லை. நன்ஸென்-ஜி ஆலயத்தின் செங்கல் நீர்ப்பாலமும் (1888) அப்படித்தான், முன்னனுமதி கேட்டாக வேண்டும். பொதுத்தெருவிலேயே போதுமான அழகு இருக்கும்போது இந்தத் தலைவலி வேண்டாம்.

அக்டோபர் 4, சனி

ஜோடியின் அளவுகள் வந்தன. பெண் 158 செ.மீ., ஆண் 183.

பெண்ணுக்குச் சிக்கலில்லை. பெண்கள் கிமோனோவின் நீளம் ஏறக்குறைய உடுத்துபவரின் உயரம் இருக்கும். மிச்சத் துணியை இடுப்பில் மடித்துக் கட்டிவிடுவார்கள், அந்த மடிப்புக்கு ஒஹஷோரி என்று பெயர். ஐந்து செ.மீ. கூடினாலும் குறைந்தாலும் அது ஏற்றுக்கொள்ளும்.

ஆண்கள் கிமோனோவில் அந்த மடிப்பே கிடையாது. தைத்த நீளம்தான் நீளம். 183க்கு 155 செ.மீ. அளவில் வேண்டும், கடையில் ‘லார்ஜ்’ என்று வைத்திருப்பது பெரும்பாலும் அதைவிடக் குட்டை. கணுக்கால் தெரிந்தால் சிறுபையன் உடை மாதிரி இருக்கும். ஹகாமா என்னும் மடிப்பு வைத்த கீழாடையை மேலே அணிவித்தால் கீழ் விளிம்பு மறைந்துவிடும். கை நீளம்தான் உண்மையான தொல்லை. கிமோனோத் துணியின் அகலமே வழக்கமாக 36–38 செ.மீ.; முதுகுத் தையலிலிருந்து மணிக்கட்டு வரை அப்படி இரண்டு அகலம்தான் உண்டு. நீண்ட கைக்கு அகலத் துணியில் தைத்தது வேண்டும். ஆகவே கடையில் உயரத்தை மட்டும் சொன்னால் போதாது. பிடரி எலும்பிலிருந்து தோள் வழியாக மணிக்கட்டு வரை அளந்த எண்ணையும், பாதத்தின் நீளத்தையும் சென்டிமீட்டரில் அனுப்ப வேண்டும். ஸோரியில் குதிகால் ஒன்றிரண்டு செ.மீ. வெளியே நீட்டிக்கொண்டிருப்பது சரியான அளவே, பதற வேண்டாம்.

அக்டோபர் 12, ஞாயிறு

நிறம். சிவந்த இலைக்கு முன் சிவப்புக் கிமோனோ கரைந்துபோகும். கடை ஆல்பத்தில் சிவப்புதான் முதலில் கண்ணைப் பறிக்கும், அதுதான் பொறி. இந்தத் தெருக்களின் மரச்சுவர் அடர் பழுப்பு, தரை சாம்பல் கல். ஆகவே பெண்ணுக்கு வெளிர் கிரீம் அல்லது சாம்பல் கலந்த நீலம். ஆணுக்குப் பூவேலை வேண்டாம். பெண்ணின் பூவேலையில் உள்ள ஒரு நிறத்தை எடுத்து ஆணின் ஹவோரியிலோ (மேலங்கி) ஓபியிலோ (இடுப்புப்பட்டை) வைத்தால் போதும். இருவரும் ஒரே துணியில் நின்றால் பள்ளிச் சீருடை தோற்றம் வரும். பூவுக்கும் பருவம் உண்டு: நவம்பரில் செர்ரிப் பூ மட்டும் வரைந்த கிமோனோவைத் தவிர்க்கலாம், சாமந்தி பொருந்தும். அக்டோபர் முதல் மே வரை உள்துணி வைத்துத் தைத்த ரகம்தான் முறை, குளிருக்கும் அதுவே நல்லது.

புகைப்படக்காரர்: சுற்றுலா விசாவில் வந்து கூலிக்கு எடுப்பவர்கள் வலைத்தளங்களில் மலிவாகக் கிடைக்கிறார்கள். ஜப்பானில் அது சட்டப்படி கூடாது. பாதியில் நிறுத்தப்பட்டால் பணமும் போகும், காலையும் போகும். வசிக்கும் உரிமம் உள்ள உள்ளூர்க்காரரையே பேசியிருக்கிறோம். கேட்டவை: 35 மி.மீ., 85 மி.மீ. லென்ஸ் இரண்டும் வேண்டும் (பகோடாவைப் பெரிதாக அருகில் இழுக்க 85), முக்காலி வேண்டாம், பின்பக்கம் ஓபி முடிச்சு தெரியும்படி சில படங்கள் கட்டாயம். கிமோனோவின் பாதி அழகு முதுகில்தான்.

நவம்பர் 9, ஞாயிறு

உள்ளே என்ன அணிவது என்பதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் எல்லோரும் கழுத்து மூடிய தெர்மல் சட்டையோடு வந்து நிற்பார்கள். பெண்ணுக்குப் பின்கழுத்து ஒரு கைப்பிடி அளவு திறந்திருக்கும். ஆகவே முன்னும் பின்னும் ஆழமாக வெட்டிய கழுத்து, முக்கால் கை, கெண்டைக்கால் வரை லெக்கிங்ஸ். காலை வெப்பநிலை 5–6 டிகிரி இருக்கும். ஒட்டும் கைரோ வெப்பப்பட்டை இரண்டு, இடுப்பின் பின்புறம் ஓபிக்குக் கீழே தள்ளி, உள்ளாடைக்கு மேல். தோலில் நேராக ஒட்டினால் புண்ணாகும். ஓபி மூடும் இடத்தில் வைத்தால் சூடு தாங்காது, எடுக்கவும் முடியாது.

புடவையில் இடுப்பு தெரிந்தால் அழகு. கிமோனோவில் இடுப்பே தெரியக் கூடாது, உடல் ஒரு உருளையாக வேண்டும். அதற்காக இரண்டு மூன்று மெல்லிய டவல்களை இடுப்பில் சுற்றுவார்கள். ஒல்லியான ஆணுக்கும் வயிற்றில் ஒன்று தேவை, இல்லாவிட்டால் ஓபி நழுவி மேலேறும். ஆணின் ஓபி முன்னே தாழ்ந்து, பின்னே சற்று உயர்ந்திருக்க வேண்டும்.

மெட்டி அணிபவர்கள் அதை அன்று கழற்றி வைப்பது நல்லது. தாபி காலுறை பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே பிரிகிறது. ஸோரியின் வார் மெட்டியின் மேலேயே அழுத்தும். வளையலும் கைக்கடிகாரமும் பட்டில் நூல் இழுக்கும்.

நவம்பர் 22, சனி

மழை வாய்ப்பைப் பார்க்கத் தொடங்கியாயிற்று. தூறல் என்றால் ரத்து வேண்டாம். நனைந்த கல்தரை பளபளப்பது படத்துக்கு லாபம். ஆனால் க்ரேப் பட்டு நனைந்தால் சுருங்கும். அதனால் மாற்றாக ஒரு பாலியஸ்டர் செட் சொல்லிவைத்திருக்கிறோம், கேமராவுக்கு வித்தியாசம் அதிகம் தெரியாது. எண்ணெய் பூசிய உண்மையான காகிதக் குடை மழை தாங்கும். கடையில் தரும் அலங்காரக் குடை தாங்காது, சாயமும் இறங்கும். ஆகவே ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குடை இரண்டு.

நவம்பர் 25, செவ்வாய்

நாளைய கணக்கு, பின்னாலிருந்து முன்னே எண்ணியது. 6:40 பகோடா. 6:25 விடுதியை விட்டுக் கிளம்புதல். 5:45 பெண்ணுக்கு உடுத்தத் தொடக்கம். 5:25 ஆணுக்கு, பதினைந்து நிமிடம் போதும்; அந்நேரம் பெண்ணுக்குத் தலை நடக்கும். 4:55 தலையும் ஒப்பனையும். ஒப்பனை முதலில், உடை பிறகு. மாறினால் வெள்ளைக் காலரில் ஃபவுண்டேஷன் படியும். இருவரும் முன்பக்கம் பொத்தான் வைத்த சட்டையில் காத்திருக்க வேண்டும், தலை வழியாகக் கழற்றும் உடை கூந்தலைக் கலைத்துவிடும்.

பையில்: துணிக்கிளிப் ஆறு (கழிவறையில் கிமோனோ, உள்ளங்கி, பாவாடை என்று அடுக்கடுக்காக மேலே தூக்கிக் கவ்வ), பாதுகாப்பு ஊசி, கொஷிஹிமோ என்னும் இடுப்புக் கயிறு ஒன்று, காய்ந்த கைக்குட்டை, கால் பிளாஸ்டர், உறிஞ்சுகுழல். பெருவிரல் இடுக்கில் பிளாஸ்டரைக் கிளம்பும் முன்பே ஒட்டிவிடுவது உத்தமம்.

நவம்பர் 26, புதன்

வானம் மூட்டம், மழை இல்லை. 6:42க்குத் தெருவில் வேறு இரண்டு ஜோடிகள். முறை வைத்து நின்றார்கள், தகராறில்லை.

நிற்கும் விதத்தில் கவனித்தவை. இடுப்பைச் சுற்றி அணைத்தால் ஓபி முடிச்சு நசுங்கும். கை தோளிலோ, விரல் கோத்தோ இருக்கட்டும். பெண்ணைத் தூக்கும் போஸ் வேண்டவே வேண்டாம், ஒஹஷோரி உருவிக்கொள்ளும். கையை மேலே உயர்த்தினால் காலர் தளரும். படியேறும்போது வலக்கையால் முன்விளிம்பைச் சற்றுத் தூக்க வேண்டும். அடி சிறிதாக, கால்விரல் லேசாக உள்நோக்கி.

நினென்ஸகா இறங்கியதும் காலர் தளர்ந்தது, இது எப்போதும் நடப்பதுதான். மேலிருந்து அழுத்திப் பயனில்லை. பின்கழுத்து முன்னே வந்துவிட்டால் ஓபிக்குக் கீழே முதுகுத் தையலைப் பிடித்து நேராகக் கீழே இழுக்க வேண்டும். மேல் காலர் தளர்ந்தால் ஒஹஷோரியின் ஓரத்தை இழுக்க வேண்டும். உள்காலர் என்றால் இடது அக்குளுக்குக் கீழே உள்ள திறப்பில் கைவிட்டு இழுக்கலாம். ஒரே நிமிட வேலை.

முன்கேமரா செல்ஃபிகளில் ஒரு எச்சரிக்கை: பிம்பம் இடவலம் மாறிச் சேமிக்கப்பட்டால் வலப்பக்கம் மேலே வந்த மாதிரி தெரியும். கிமோனோவில் அணிபவரின் இடப்பக்கத் துணிதான் மேலே வரும். வலப்பக்கம் மேலே வருவது இறந்தவர்களுக்கு உடுத்தும் முறை. பகிர்வதற்கு முன் திருப்பிவிட வேண்டும்.

8:35க்கு ஷிராகாவாவில் கடைசிப் படம். திரும்பியதும் ஆணின் ஹகாமா விளிம்பில் சேறு தெரிந்தது. ஈரத் துணியால் தேய்க்காமல் அப்படியே கடைக்காரரிடம் காட்டிக் கொடுத்தாயிற்று. தேய்த்தால் சேறு நூலுக்குள் இறங்கும், சலவைக் கட்டணமும் கூடும்.