அமிலம் சிந்திய இடத்தில் தண்ணீர்

இராணிப்பேட்டை வட்டாரத்து இரசாயனத் தொழிற்சாலைகளில் பாதுகாப்பு அலுவலராகப் பணியாற்றிய ஆண்டுகளில், ஆசிட் கசிகிறது என்ற குரல் கேட்டவுடன் எல்லோருடைய கையும் தண்ணீர்க் குழாயை நோக்கியே நீளுவதைப் பார்த்திருக்கிறேன். மனித உடலின் மீது அமிலம் பட்டிருக்கும்போது அந்த வேகம் உயிரைக் காக்கும். அதே வேகம் தரையில் தேங்கி நிற்கும் அடர் கந்தக அமிலத்தின் பக்கம் திரும்பினால், அருகில் நிற்பவர்களின் கண்ணைப் பறித்துவிடும். ஆளுக்குத் தண்ணீர் உடனே, அளவில்லாமல். குட்டைக்குத் தண்ணீர் கூடாது. இந்த இரண்டையும் பதற்றத்தின் நடுவிலும் பிரித்துப் பார்க்கும் பழக்கத்தை ஒப்பந்தத் தொழிலாளர் வரை ஒவ்வொருவருக்கும் ஏற்படுத்துவதே என் வேலையின் பெரும் பகுதியாக இருந்தது.

98 சதவீதக் கந்தக அமிலம் பார்வைக்கு எண்ணெயைப் போல அமைதியாகக் கிடக்கும். சாதாரண வெப்பநிலையில் அது புகைவதில்லை. விலகிப் போ என்று மூக்குக்குச் சொல்லும் நெடியும் அதற்கு இல்லை. லிட்டருக்கு 1.84 கிலோ எடையுள்ள அந்தத் திரவத்தின் மீது தண்ணீரை ஊற்றினால், எடை குறைந்த தண்ணீர் மேலேயே நின்று, இரண்டும் சந்திக்கும் இடத்தில் கொதித்து, நீராவியோடு அமிலத் துளிகளையும் சேர்த்து வீசி எறிகிறது. அமிலத்தைத்தான் தண்ணீரில் ஊற்ற வேண்டும் என்று பள்ளி ஆய்வகத்தில் எல்லோரும் படித்திருக்கிறோம். ஆனால் சோதனைக் குழாயை வைத்துப் படித்த பாடம், நள்ளிரவு ஷிப்டில் கண்ணெதிரே தரை முழுவதும் அமிலம் பரவும்போது நினைவுக்கு வருவதில்லை. வெளியே அதிகம் பேசப்படாத இன்னொரு காரணமும் உண்டு. அடர் அமிலத்தைச் சாதாரண எஃகுத் தொட்டியில் பல ஆண்டுகள் வைத்திருக்க முடிவது, எஃகின் மேல் படியும் இரும்பு சல்பேட் படலத்தால்தான். தண்ணீர் சேர்ந்து அமிலம் நீர்த்துப்போனால் அந்தப் படலம் நிலைப்பதில்லை. அமிலம் இரும்பை வேகமாக அரிக்கத் தொடங்கி, ஹைட்ரஜன் வாயுவும் வெளிவருகிறது. குழாய்களைப் போல்ட் போட்டு இணைக்கும் ஃபிளேஞ்ச் இணைப்பில் சொட்டும் சிறு கசிவைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவியே சமாளிக்க நினைப்பவர், தம்மை அறியாமலே அதைப் பெரிதாக்குகிறார்.

நெடுஞ்சாலையில் கவிழ்ந்த ஓர் அமில டேங்கருக்காக எங்கள் வட்டாரத் தொழிற்சாலைகளின் பரஸ்பர உதவிக் குழு போன இரவு, இந்தக் கருத்தை எனக்குள் இன்னும் ஆழமாகப் பதித்தது. டேங்கர் சாலையோரப் பள்ளத்தில் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது; ஓட்டுநரும் கிளீனரும் தப்பித்து வெளியே வந்திருந்தார்கள். காற்று எங்கள் முதுகுப் பக்கமிருந்து டேங்கரை நோக்கி வீசும்படி தொலைவில் நின்றபடியே டார்ச் ஒளியில் எச்சரிக்கைப் பலகையைப் படித்தோம். அதில் இருந்த 1830 என்ற ஐ.நா. எண் கந்தக அமிலத்துக்கு உரியது. ஓட்டுநர் கையோடு கொண்டுவந்திருந்த ட்ரெம்கார்டும் (சரக்கின் ஆபத்தையும் அவசரகால நடவடிக்கையையும் சொல்லும் அட்டை) அதையே சொன்னது. எல்லாத் திசையிலும் குறைந்தது 50 மீட்டருக்கு ஆட்களை விலக்கி நிறுத்தினோம். தீயணைப்பு வண்டியில் வந்த இளம் நிலைய அலுவலர் குழாயைத் திறக்காமல், நேரே வந்து, "சார், தண்ணீர் அடிக்கலாமா, கூடாதா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை இன்றும் மதிப்போடு நினைத்துப் பார்க்கிறேன். தெரிந்துகொண்டு செய்வோம் என்று நின்ற அந்த அரை நிமிடத்தால் பலருடைய முகமும் கண்ணும் தப்பின.

அங்கே அமிலத்தைவிடக் கூட்டத்தைக் கட்டுப்படுத்துவதுதான் கடினமாக இருந்தது. கவிழ்ந்த லாரியில் இருப்பது எண்ணெய் என்ற நம்பிக்கையில் சிலர் குடங்களோடு வந்துவிட்டார்கள். "எண்ணெய்தானே தம்பி, ஒரு குடம் பிடிச்சிக்கிட்டா என்ன?" என்று ஒரு மூதாட்டி கேட்டார். கோபப்பட்டுப் பயனில்லை. ஒரு பழைய பருத்தித் துணியைக் கம்பியின் நுனியில் கட்டி, பாதுகாப்பு உடை அணிந்த ஒருவர் மூலம் அமிலத்தில் நனைத்து எடுத்துக் காட்டச் செய்தோம். அந்தத் துணி கருகி உதிர்ந்ததைப் பார்த்த பிறகு, காவலர்கள் சொல்லாமலே கூட்டம் பின்வாங்கியது.

அடுத்ததாக, சோடா உப்பைக் கொட்டி முழுவதையும் செயலிழக்கச் செய்துவிடலாம் என்ற யோசனை வந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தால் அதன் அளவு புரியும். 98 கிலோ தூய கந்தக அமிலத்தை நடுநிலைப்படுத்த 106 கிலோ சோடியம் கார்பனேட், அதாவது சோடா உப்பு, தேவை. 20 டன் ஏற்றிவந்த டேங்கர் என்றால், 21 டன்னுக்கு மேல் சோடா உப்பு வேண்டும். அந்த வினையிலிருந்து ஏறக்குறைய 9 டன் கரியமில வாயு நுரைத்துக்கொண்டு வெளிவரும். காற்றைவிடக் கனமான அந்த வாயு, ஆட்கள் இறங்கி வேலை செய்யும் பள்ளத்திலேயே தங்கும். ஆகவே பெருங்கசிவில் முதல் வேலை அணை கட்டுவது, அடுத்தது மீட்பது. நடுநிலைப்படுத்துவது எஞ்சியதற்கு மட்டும்தான். உலர்ந்த மண்ணையும் மணல் மூட்டைகளையும் கொண்டு பள்ளத்தை இரு பக்கமும் அடைத்தோம். மரத்தூளை யாரும் கொண்டுவந்துவிடக் கூடாது என்பதில் கவனமாக இருந்தோம். அடர் கந்தக அமிலம் அதைக் கருக்கிச் சூடேற்றும், நைட்ரிக் அமிலமாக இருந்தால் தீயே பற்றலாம். வானம் வேறு மூடியிருந்தது. நாங்கள் தடுத்துவைத்த தண்ணீரை மழை கொண்டுவந்து சேர்த்துவிடுமோ என்ற கவலையில், தேங்கிய அமிலத்துக்கு மேலே கம்புகள் நட்டு, பிளாஸ்டிக் விரிப்பைப் பந்தலாகக் கட்டினோம். அமிலத்தைத் தாங்கும் பம்ப் வந்து, டேங்கரில் மிஞ்சியிருந்ததை வேறொரு டேங்கருக்கு மாற்றி முடிக்க மறுநாள் பிற்பகல் ஆகிவிட்டது. வண்டியைச் சீக்கிரம் அகற்ற வேண்டும் என்று கேஸ் கட்டிங் கருவியோடு வந்தவர்களை அருகே விடவில்லை. அமிலமும் ஈரமும் சேர்ந்த எஃகுத் தொட்டிக்குள் ஹைட்ரஜன் இருக்கும் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

எல்லா அமிலங்களும் ஒரே விதமாக நடந்துகொள்வதில்லை. அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் புகைந்து, இருமவைத்து, ஆட்களைத் தானே விரட்டிவிடும். அதன் புகையை நுண்ணிய நீர்த்தூவலால் அடக்கலாம், ஆனால் தூவல் புகையின் மீதுதான் விழ வேண்டும். நான் அதிகம் அஞ்சியது நைட்ரிக் அமிலத்துக்குத்தான். உலோகத்தின் மீது அது சிந்தினால் பழுப்பு நிறப் புகை எழும். அதைச் சுவாசித்தவர் சற்று நேரம் இருமிவிட்டு, "ஒண்ணும் இல்லை சார், வீட்டுக்குப் போறேன்" என்பார். நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வது பல மணி நேரம் கழித்து நள்ளிரவில் நிகழக்கூடும். பழுப்புப் புகைக்குள் நின்ற எவரையும், அவர் எவ்வளவு தெம்பாகப் பேசினாலும், மருத்துவமனையில் ஒரு நாளாவது கண்காணிப்பில் வைக்க வேண்டும் என்று மேலாளர்களோடு நான் வாதாடியதுண்டு. ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தில் கழுவுவதோடு வேலை முடிவதில்லை. அதன் நச்சை முறிக்கும் கால்சியம் குளுகோனேட் களிம்பு கைக்கு எட்டும் இடத்தில் இல்லாத ஆலை அந்த அமிலத்தை வாங்கவே கூடாது. 2012 செப்டம்பர் 27 அன்று தென் கொரியாவின் குமி நகரத்தில் அந்த அமிலம் கசிந்தபோது 5 பேர் உயிரிழந்தார்கள்; சுற்றுவட்டாரத்தில் சிகிச்சை பெற்றவர்கள் ஆயிரக்கணக்கானோர்; வயல்களில் பயிர்கள் கருகின.

எங்கள் பகுதிக்கே உரிய ஆபத்து ஒன்று உண்டு. தோல் பதனிடும் ஆலைகளில் ஒரு பக்கம் ரோமம் நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்ஃபைடு பயன்படுகிறது. மறுபக்கம் பிக்கிள் செய்ய, அதாவது தோலை அமிலமும் உப்பும் கலந்த நீரில் ஊறவைக்க, கந்தக அமிலம் பயன்படுகிறது. அமிலக் கேன் உடைந்து, அதைக் கழுவிவிட்ட தண்ணீர் சல்ஃபைடு கழிவு தேங்கிய தொட்டியில் சேர்ந்தால், ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு எழுகிறது. அழுகிய முட்டை நாற்றத்தை வைத்து அதை அடையாளம் காணலாம் என்று நம்புவது உயிருக்கே உலை வைக்கும். பத்து லட்சத்தில் நூறு பங்கு என்ற அளவை நெருங்கும்போதே மூக்கு அந்த நாற்றத்தை உணரும் திறனை இழக்கத் தொடங்குகிறது. தொட்டிக்குள் விழுந்தவரைத் தூக்க இறங்கிய இரண்டாம் ஆளும் மூன்றாம் ஆளும் உயிரிழந்த செய்திகளை நம் நாளிதழ்களில் எத்தனையோ முறை படித்துவிட்டோம். அமிலம் சிந்தினால் முதலில் வடிகாலின் வாயை அடைக்க வேண்டும் என்று நான் ஓயாமல் சொல்லிவந்தது இதனால்தான்.

இனி உடலுக்கான தண்ணீர். கண்ணிலோ தோலிலோ அமிலம் பட்டால் குறைந்தது 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவ வேண்டும் என்பதும், அவசரக் குளியல் குழாய் 10 நொடி நடையில் எட்ட வேண்டும் என்பதும் உலகெங்கும் ஏற்கப்பட்ட அளவுகள். ஏட்டில் அந்த அளவுகள் சரியாக இருந்தும், நடைமுறையில் அவை தோற்பதற்கு இரண்டு காரணங்களைக் கண்டேன். ஒன்று எங்கள் வெயில். மே மாதத்தில் திறந்தவெளியில் ஓடும் இரும்புக் குழாயிலிருந்து வரும் தண்ணீரின் கீழ் நல்ல உடம்போடு இருப்பவராலேயே நிற்க முடியாது. வெந்த தோலோடு 15 நிமிடம் எப்படி நிற்பார்? குழாய்களுக்கு வெப்பக் காப்பு உறை போட்டு, மேல்நிலைத் தொட்டிக்குக் கூரை அமைத்த பிறகே அந்தக் குழாய்கள் பயனுள்ளவை ஆயின. மற்றொன்று கூச்சம். அமிலம் நனைந்த உடையைக் கழற்றாமல் கழுவுவது பாதி வேலைதான். ஆனால் பலர் பார்க்க உடையைக் களைய ஆணே தயங்குகிறார், சேலை அணிந்த பெண் தொழிலாளியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அந்தத் தயக்கத்தில் கரையும் நொடிகளில் அமிலம் ஆழமாக இறங்கிவிடும். ஒவ்வொரு குளியல் குழாயையும் சுற்றி ஒரு தடித்த திரை, ஒரு பெட்டியில் சுத்தமான லுங்கிகள், நைட்டிகள், போர்வைகள்: இதற்கு ஆகும் செலவு சொற்பம், ஆனால் எந்தத் தணிக்கைப் பட்டியலிலும் இதை நான் கண்டதில்லை. விலை உயர்ந்த சுவாசக் கருவிகளை வாங்கிப் பெருமையாகக் காட்டும் ஆலைகள்கூட இந்தத் திரையைப் பற்றி யோசிப்பதில்லை என்பது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது.

சட்டத்தில் குறை சொல்ல அதிகம் இல்லை. போபால் துயரத்தின் முதலாண்டு நினைவு நாளுக்கு அடுத்த நாளே, 1985 டிசம்பர் 4 அன்று, டெல்லியில் ஸ்ரீராம் ஆலையில் ஓலியம் எனப்படும் புகையும் கந்தக அமிலத் தொட்டியைத் தாங்கிய அமைப்பு சரிந்து வாயு பரவியது. அந்த வழக்கில்தான் 1986 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், அபாயகரமான தொழிலை நடத்துபவர் எந்த விலக்கும் கோர முடியாத முழுப் பொறுப்பை ஏற்க வேண்டும் என்ற கோட்பாட்டை வகுத்தது. 1989ஆம் ஆண்டின் அபாயகர இரசாயன விதிகள் அவசரகாலத் திட்டத்தையும் ஒத்திகையையும் கட்டாயமாக்கின. ஒத்திகைகள் நடக்கத்தான் செய்கின்றன. பகல் ஷிப்டில், முன்னறிவிப்போடு, அதிகாரிகள் வரிசையாக நிற்க, புகைப்படத்தோடு. கசிவுகளை நான் அதிகம் கண்டது டேங்கரிலிருந்து அமிலத்தை இறக்கும் நேரத்தில், ஹோஸ் பைப்பை மாட்டும்போதோ கழற்றும்போதோ, பெரும்பாலும் விடியலுக்கு முன்; அங்கே அப்போது ஓர் ஆபரேட்டரும் தமிழ் தெரியாத ஒரு ஓட்டுநரும் மட்டுமே இருப்பார்கள். அந்த இருவரை வைத்து, அந்த நேரத்தில் நடத்தாத ஒத்திகை எனக்கு நிறைவளித்ததில்லை.

டேங்கர் கவிழ்ந்த பள்ளத்துக்கு அப்பால் ஒரு நெல் வயல் இருந்தது; அமிலம் அதன் ஓரத்தில் கொஞ்சம் ஏறியிருந்தது. சாலைப் பள்ளத்தில் எஞ்சியதற்குச் சோடா உப்பைப் பயன்படுத்தினோம். வயலுக்கு அது வேண்டாம், நீற்றிய சுண்ணாம்பே போதும் என்று நான் வற்புறுத்தினேன்; சோடா உப்பு அமிலத்தைக் கொன்றாலும் அதிலுள்ள சோடியம் மண்ணை இறுக்கிக் களராக்கிவிடும், சுண்ணாம்பிலிருந்து உண்டாகும் ஜிப்சம் அப்படிச் செய்யாது. சுட்ட சுண்ணாம்புக் கல்லையே கொட்ட முனைந்தவர்களையும் தடுக்க வேண்டியிருந்தது, அது ஈரத்தில் தானே கொதிக்கும். சுண்ணாம்பை மெல்லிய அடுக்காகத் தூவி, மண்வெட்டியால் கிளறி, மீண்டும் தூவி, அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். தாளில் நிறம் பார்த்தோம். சுண்ணாம்புத் துகள்களின் மேல் ஜிப்சம் படிந்து அவற்றைச் செயல்படவிடாமல் தடுத்து, அடியில் அமிலம் எஞ்சிவிடக்கூடும் என்பதால், மேற்பரப்பில் வந்த நல்ல அளவை நம்பாமல் தோண்டிப் பார்த்தோம். பக்கத்துக் கிணற்றின் பி.எச். அளவு ஏறி இறங்காமல் இருந்தபோதும் சல்பேட் அளவை அந்த மழைக்காலம் முடியும்வரை சோதிக்கும்படி எழுதிக் கொடுத்தேன். வயலின் சொந்தக்காரர் மாடுகளுக்கு அந்தத் தண்ணீரைக் காட்டலாமா என்று கேட்டார். சோதனை முடிவுகள் வரும்வரை வேண்டாம் என்று சொல்லி, அதுவரை டிராக்டர் டேங்கரில் தண்ணீர் அனுப்பும் செலவை அமிலம் அனுப்பிய நிறுவனமே ஏற்க வைத்தோம்.